காற்றும் தூசியும் கருவியும்: தாமிரபரணிப் படுகையில் துகள் அளவீட்டின் வரலாறு

காற்றில் மிதக்கும் தூசியை அளக்கும் கருவியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வைத்த இடத்தில் வெயிலுக்கும் மழைக்கும் ஈடுகொடுத்து நிற்காமல் ஓடுகிறதா என்பது ஒன்று. ஓடியபோது அது காட்டிய எண்ணை நம்பலாமா என்பது மற்றொன்று. ஆய்வுக்கூடத்தில் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். மொட்டைமாடியிலும் சாலையோரத்திலும் உப்பளத்தை ஒட்டிய கட்டடத்திலும் கொண்டுபோய் வைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணியின் படுகையில் மழைக்காடு, வயல், நூற்பாலை, சிமென்ட் ஆலை, கல் குவாரி, தேரி மணல், உப்பளம், அனல்மின் நிலையம் எல்லாமே சில மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் வந்துவிடும். தூசியை அளப்பதில் நேரக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்தச் சிறிய நிலப்பரப்பிலேயே இடம் இருக்கிறது.

இங்குள்ள தூசியின் கதை காற்றிலிருந்து தொடங்குகிறது. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, ஆரியங்காவு கணவாய்களின் வழியே மலையைக் கடந்து வருகிறது. குற்றாலத்துக்கும் பாபநாசத்துக்கும் அது சாரலைத் தருகிறது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வரும்போது ஈரத்தை இழந்து, வறண்ட மேல்காற்றாக மாறி, உழுத புழுதியை வாரிக்கொண்டு கடல்வரை வீசுகிறது. திருச்செந்தூர், சாத்தான்குளம் வட்டாரங்களின் செம்மண் தேரிகளில் ஆண்டுதோறும் மணலை நகர்த்துவதும் இந்தக் காற்றுதான். 1917-இல் வெளியான எச்.ஆர். பேட்டின் திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் இந்தத் தேரிகளைப் பற்றி எழுதியிருக்கிறது. மரம் நட்டு மணலைக் கட்டிப்போடும் முயற்சியும் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆலைகள் வருவதற்கு முன்பே இந்த வட்டாரத்தில் ஆடி மாதத் தூசி உண்டு. பிற்காலத்தில் அளக்க வந்தவர்கள் ஆலைத் தூசியை இந்த மண் தூசியிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றை மற்றொன்றால் சோதிக்கும் வழக்கம் பொதிகை மலைக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் அரசின் திருவனந்தபுரம் வானாய்வகத்துக்குத் தலைமையேற்றிருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 1855-இல் தாமிரபரணி பிறக்கும் அகத்தியர் மலையின் உச்சியில், ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில், காந்தப்புலமும் வானிலையும் அளக்கும் நிலையம் ஒன்றை அமைத்தார். கீழே திருவனந்தபுரத்தில் எடுத்த அளவும் மேலே எடுத்த அளவும் ஒப்பிடப்பட்டன. அவர் தூசியை அளக்கவில்லை. ஆனால் ஒற்றைக் கருவியின் எண்ணை அப்படியே ஏற்காமல் இன்னொன்றோடு ஒப்பிட்ட பிறகே ஏற்கும் முறை இப்பகுதியில் தொழிற்சாலைப் புகைக்கு முன்பே வந்துவிட்டது.

ஆலைத் தூசி பஞ்சிலிருந்து தொடங்கியது. பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை 1885-இல் ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் வளர்ந்தது. தூத்துக்குடியில் 1888-இல் கோரல் மில் வந்தது, 1908-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தது அங்குதான். பொதியைப் பிரிக்கும் புளோ ரூமிலும் கார்டிங் பகுதியிலும் பஞ்சுத் தூசி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பறக்கும். விடுமுறை முடிந்து முதல் நாள் வேலைக்கு வரும்போது நெஞ்சு இறுகுவதுதான் பிசினோசிஸ் நோயின் முதல் அடையாளம். அந்த நோய்க்கும் பஞ்சுத் தூசிக்கும் உள்ள தொடர்பை எண்களால் காட்ட இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 1960களில்தான் முறையான ஆய்வுகள் நடந்தன. அவற்றின் தொடர்ச்சியாகச் செங்குத்துக் குழாய் மாதிரிக் கருவி வந்தது. நிமிடத்துக்கு 7.4 லிட்டர் காற்று அகன்ற குழாய் ஒன்றில் மெதுவாக மேலே ஏறும். 15 மைக்ரானுக்கு மேற்பட்ட பஞ்சிழைகளும் பெருந்தூசியும் தம் எடையால் கீழேயே தங்கிவிடும். நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்தூசி மட்டும் மேலே உள்ள ஃபில்டரில் படியும்.

இந்தக் கருவியில் உள்ள நுட்பமான சிக்கல், பின்னால் வந்த எல்லாக் கருவிகளுக்கும் பொருந்துகிறது. பம்பு சற்று வேகமாக இழுத்தால் காற்றின் கன அளவு மட்டும் மாறுவதில்லை. குழாயில் காற்று ஏறும் வேகமும் கூடி, தங்கியிருக்க வேண்டிய பெரிய துகளும் மேலே போய்விடுகிறது. ஆக ஓட்டத்தில் நேரும் ஒரு பிழை, கணக்கில் இரண்டு இடங்களில் புகுந்துவிடுகிறது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே வந்த இரண்டாவது அட்டவணை, பச்சைப் பஞ்சுத் தூசிக்குக் கனமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. பிசினோசிஸ் அதே சட்டத்தின் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலிலும் இருந்தது. பாபநாசத்தில் நூற்பாலை தொடங்கி நூறு ஆண்டுகள் கடந்த பிறகு வந்த வரம்பு இது. அதற்கு முன் மூன்று தலைமுறைத் தொழிலாளர்கள் சுவாசித்த தூசிக்கு அளவு என்று ஒன்றும் இல்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வீடுகளில் பீடி சுற்றும் பெண்களின் கதையும் அதுதான். தொழிற்சாலைக்குள் வைக்கும் கருவி வீட்டுத் திண்ணைக்கு வருவதில்லை.

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில், இன்றைய சங்கர் நகரில், இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-இல் உற்பத்தியைத் தொடங்கியது. சிமென்ட் ஆலைத் தூசியை அளக்க இரண்டு வேறு முறைகள் வேண்டியிருந்தன. ஊரில் விழும் தூசிக்குப் படிதூசி ஜாடி என்ற மிகப் பழைய முறை போதும். வாய் திறந்த ஜாடியை ஒரு மாதம் மாடியில் வைத்து, உள்ளே விழுந்ததை உலர்த்தி எடைபோட்டால், ஒரு சதுர கிலோமீட்டரில் மாதத்துக்கு இத்தனை டன் என்ற கணக்கு வரும். இதில் பழுதாக எந்திரமே இல்லை. ஆனாலும் காகம் உட்காரும், இலை விழும், பலத்த காற்று விழுந்ததையே வாரிக்கொண்டு போகும். தவிர, விழாமல் மிதப்பதுதான் நுரையீரலுக்குப் போகிறது. ஜாடி அதைப் பிடிப்பதில்லை.

புகைபோக்கிக்குள் அளப்பது இதைவிடக் கடினமானது. உறிஞ்சும் குழல் வாயில் நுழையும் காற்றின் வேகமும் புகைபோக்கிக்குள் ஓடும் புகையின் வேகமும் சமமாக இருக்க வேண்டும். குழல் மெதுவாக இழுத்தால் காற்று அதைச் சுற்றி விலகிப் போகும். கனமான துகள்கள் திரும்ப முடியாமல் நேரே உள்ளே வந்து, தூசி கூடுதலாகத் தெரியும். வேகமாக இழுத்தால் குறைவாகத் தெரியும். உயரமான மேடையில், சூட்டில், குறுக்குவெட்டின் பல புள்ளிகளில் வேகத்தைப் பார்த்துப் பார்த்துக் குழலை நகர்த்தி அளவெடுப்பது எளிதல்ல. சிமென்ட் ஆலைகளுக்கான தூசி வரம்பு நூற்றுக்கணக்கான மில்லிகிராமிலிருந்து படிப்படியாகக் குறைந்து, 2014-ஆம் ஆண்டு அறிவிக்கையில் 30 மில்லிகிராம் வரை வந்தது. வரம்பு குறையக் குறைய அளவீட்டின் சிறு பிழையும் பெரிதாகிறது.

ஊர்க் காற்றைத் தொடர்ந்து அளக்கும் ஏற்பாடு சட்டத்தின் வழியாக வந்தது. காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் நிறைவேறியது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரி 27 அன்று அமைந்தது. மத்திய வாரியம் 1984-இல் ஆக்ராவிலும் அன்பராவிலும் 7 நிலையங்களோடு தொடங்கிய தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்பு, பின்னர் நாடெங்கும் விரிந்து தூத்துக்குடியையும் எட்டியது. அங்கு மூன்று இடங்களில் அளவெடுக்கப்பட்டது. 1979 முதல் 1991 வரை தலா 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகளாக எழுந்த அனல்மின் நிலையம், துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, ரசாயன ஆலைகள், உப்பளங்கள் எல்லாம் ஒன்றுகூடிய நகரம் அது. ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் திருநெல்வேலிக்கு இப்படித் தொடர்ந்து கருவி வைக்க வேண்டிய நெருக்கடி அப்போது தெரியவில்லை.

அன்று வைக்கப்பட்ட கருவி உயர்கன மாதிரிக் கருவி. அமெரிக்காவில் 1950களில் பரவலாகி உலகெங்கும் போனது. வீட்டுக்கூரை போலச் சாய்ந்த மூடியுள்ள அலுமினியப் பெட்டி. அதனுள் 20.3-க்கு 25.4 சென்டிமீட்டர் அளவுள்ள கண்ணாடி இழை ஃபில்டர் தாள். அதன் கீழே தூசி உறிஞ்சும் எந்திரத்தில் இருப்பது போன்ற மோட்டார். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும். பக்கத்தில் தண்ணீர் நிரம்பிய மேனோமீட்டர் குழாய். அதன் நீர்மட்டத்தை வைத்துத்தான் ஓட்டத்தின் அளவு. 8 மணி நேரத்துக்கு ஒரு தாள், ஒரு நாளைக்கு மூன்று தாள். வாரத்துக்கு இரு நாள் வீதம் ஆண்டுக்கு 104 நாள். மத்திய வாரியத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஒரு நாளில் குறைந்தது 16 மணி நேரம் ஓடினால்தான் அந்த நாள் கணக்கில் சேரும்; ஆண்டுக்குக் குறைந்தது 50 நாள் தேறினால்தான் ஆண்டுச் சராசரி போடலாம். உறிஞ்சும் வாய் தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாமலும் 10 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நான்கில் மூன்று பக்கமாவது காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.

எண் உருவாகும் விதத்தைப் பார்த்தால் அது எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது என்பது தெரியும். நிமிடத்துக்கு 1.1 கனமீட்டர் வீதம் 8 மணி நேரத்தில் 528 கனமீட்டர் காற்று ஓடும். காற்றில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் தூசி இருந்தால் தாளில் சேர்வது சுமார் 32 மில்லிகிராம். தாளின் எடை ஏறக்குறைய 3 கிராம். அதாவது தாளின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் தூசி. தாளை இறுக்கும் ரப்பர் பட்டையில் விளிம்பின் இழைகள் சில ஒட்டிக்கொண்டாலும், மடித்துக் கவரில் போடும்போது சற்று உதிர்ந்தாலும், எடைபோடும் அறை ஈரமாக இருந்தாலும் அந்த 32 மில்லிகிராம் ஆட்டம் காணும். அதனால் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தாளை ஒரே வெப்பநிலையிலும் ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைத்திருந்து எடைபோட வேண்டும் என்பது விதி. களத்துக்குக் கொண்டுபோய், கருவியில் மாட்டி, ஓட்டாமலே திரும்பக் கொண்டுவரும் வெற்றுத்தாள் இந்தப் பிழைகளை எல்லாம் மொத்தமாகப் பிடித்துக்காட்டும். செலவே இல்லாத சோதனை அது. தூசியே இழுக்காத தாளின் எடை கூடியோ குறைந்தோ இருந்தால், அத்தனை மில்லிகிராம் எல்லா நாளின் எண்ணிலும் கலந்திருக்கிறது என்று பொருள்.

தாமிரபரணிப் படுகையில் இந்தக் கருவியின் முதல் எதிரி காற்று. கூரை போன்ற மூடி நான்கு திசைக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. காற்று மூடியின் விளிம்புக்கு நேராக வீசுகிறதா, மூலைக்கு வீசுகிறதா, எவ்வளவு வேகம் என்பதைப் பொறுத்து உள்ளே நுழையும் பெரிய துகள்களின் எல்லை சுமார் 25 மைக்ரானிலிருந்து 50 மைக்ரான் வரை மாறும் என்று 1970களில் அமெரிக்கக் காற்றுச்சுரங்கச் சோதனைகள் காட்டின. பெரிய துகளின் எடை அதன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால் இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. ஒரே தெருவில் ஒரே அளவு தூசி இருந்தாலும், ஆடியில் ஓர் எண்ணும் தையில் ஓர் எண்ணும் வரலாம். அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு கருவியினுடையது. இன்னொன்றும் உண்டு. கருவி ஓடாத நாள்களில் தாளை முன்கூட்டியே மாட்டி வைத்திருந்தால் பலத்த மேல்காற்று மூடியின் இடுக்கு வழியே மணலைத் தாளில் கொண்டுவந்து போட்டுவிடும்.

துகளின் அளவைப் பிரிக்கும் புதிய தலைகள் வந்த பிறகு இந்தக் குறை பெரிதும் நீங்கியது, முற்றிலும் நீங்கவில்லை. பி.எம்.10 (10 மைக்ரானுக்குட்பட்ட துகள்) உறிஞ்சு தலைகளை அங்கீகரிக்க அமெரிக்க விதிகள் காற்றுச்சுரங்கத்தில் மணிக்கு 2, 8, 24 கிலோமீட்டர் வேகங்களில் சோதிக்கச் சொல்கின்றன. முப்பந்தலிலும் கயத்தாறிலும் தென்மேற்குப் பருவத்தில் 24 கிலோமீட்டரைத் தாண்டும் காற்று அன்றாட நிகழ்வு. அன்னா மாணியும் டி.ஏ. மூலேயும் தொகுத்து 1983-இல் வெளியிட்ட இந்தியக் காற்றாற்றல் தரவு நூல் போன்ற முயற்சிகளே இப்பகுதியில் காற்றாலைகள் பெருக வழிவகுத்தன. காற்றாலைகளைச் சோதிக்கும் தேசிய நிலையமும் கயத்தாற்றில் இருக்கிறது. காற்றாலைக்கு வரமாக அமைந்த அதே காற்று, தூசிக் கருவியை அதன் சோதனை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்துகிறது. இதைப் படுகையின் தனிச்சிக்கலாகவே எடுத்துக்கொண்டு ஆராய வேண்டும்.

இரண்டாவது எதிரி உப்பு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளையும் இடம் தூத்துக்குடிக் கரை. கடல் திவலையிலிருந்தும் பாத்திகளிலிருந்தும் எழும் உப்புத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். இரவில் ஈரமும் பகலில் உலர்வுமாக மாறும் கடற்கரையில் ஃபில்டரில் படிந்த உப்பின் எடை மாறிக்கொண்டே இருக்கும். கண்ணாடி இழைத் தாள் காரத்தன்மை உள்ளது. கந்தக டை ஆக்சைடு அதன்மேல் ஓடும்போது சல்பேட்டாக மாறித் தாளிலேயே தங்கிவிடுகிறது. காற்றில் தூசியாக இல்லாத ஒன்று, அளவீட்டில் தூசியாகச் சேர்கிறது. அனல்மின் நிலையமும் கந்தகப் புகையும் உள்ள ஊரில் இதைத் தள்ளிவிட முடியாது. பின்னாளில் பி.எம்.2.5 (2.5 மைக்ரானுக்குட்பட்ட துகள்) அளவீட்டுக்கு வினைபுரியாத டெஃப்லான் தாள் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது மின்சாரம். மோட்டார் சுழலும் வேகம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் விழுந்தால் ஓட்டம் விழும். தாளில் தூசி சேரச் சேரவும் ஓட்டம் குறையும். தொடக்கத்திலும் முடிவிலும் மேனோமீட்டரைப் பார்த்துச் சராசரி எடுப்பது வழக்கம்; நடுவில் நடந்தது அந்தச் சராசரிக்குள் வராது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்படிப்பட்ட நாள்களில் 16 மணி நேர விதியை நிறைவேற்றுவதே பெரும்பாடு. மின்வெட்டு கோடையில் மிகுவதால் விடுபடும் நாள்களும் ஆண்டு முழுக்கச் சீராகப் பரவுவதில்லை. ஒரு பருவத்தின் காற்று கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது. கருவி ஓடியதா என்ற முதல் கேள்வி, எண் சரியா என்ற இரண்டாவது கேள்வியைப் பாதிப்பது இப்படித்தான்.

மோட்டாரைப் பற்றிய இன்னொரு செய்தியும் முக்கியமானது. கார்பன் பிரஷ் உரசும் கம்யூட்டேட்டர் செம்பால் ஆனது. அது தேயும்போது நுண்ணிய செம்புத் துகள் மோட்டார் வெளிவிடும் காற்றோடு வந்து, சுற்றி மீண்டும் அதே கருவிக்குள் நுழைந்து தாளில் படிகிறது என்று 1970களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மொத்த எடையில் அது ஒன்றுமில்லை. தாளைக் கரைத்துச் செம்பு எவ்வளவு என்று பார்க்கும்போதுதான் அது பெரிதாகிறது. செம்பு உருக்காலை இயங்கிய ஒரு நகரத்தில், தாளில் கண்ட செம்பு ஆலையிலிருந்து வந்ததா மோட்டாரிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு இடமே வைக்கக் கூடாது. வெளிக்காற்றைக் குழாய் வைத்துத் தொலைவில் விடுவதும், பிரஷ் இல்லாத மோட்டாருக்கு மாறுவதும் இதற்கான தீர்வுகள்.

1994-இல் வந்த தேசியத் தர வரம்புகள் மொத்த மிதக்கும் துகளோடு 10 மைக்ரானுக்குட்பட்ட சுவாசத்துகளையும் சேர்த்தன. அதற்கேற்ப, சுழல்குழல் பொருத்திய கருவி இந்திய நிலையங்களுக்கு வந்தது. உள்ளே சுழலும் காற்றில் பெரிய துகள் சுவரில் மோதிக் கீழே உள்ள கிண்ணத்தில் விழும். சிறியது ஃபில்டருக்குப் போகும். ஓட்டம் குறைந்தால் சுழற்சி தளர்ந்து பெரிய துகளும் தாளுக்குப் போய்விடும். பஞ்சாலைக் குழாயில் பார்த்த அதே இரட்டைப் பிழைதான், திசை மட்டும் வேறு. 2009 நவம்பரில் திருத்திய வரம்புகள் மொத்தத் துகளைக் கைவிட்டு, பி.எம்.10-க்கு ஒரு நாளைக்கு 100, ஆண்டுக்கு 60 என்றும், பி.எம்.2.5-க்கு 60, 40 என்றும் வைத்தன. எல்லாம் கனமீட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்.

எண்ணின் நம்பகம் பொதுப் பிரச்சினையாக வெடித்தது தூத்துக்குடியில். ஸ்டெர்லைட் செம்பு உருக்காலை 1990களின் நடுப்பகுதியில் தொடங்கியதிலிருந்து ஊரின் காற்று நீதிமன்றத்தில் வழக்குப் பொருளாக இருந்தது. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் (நீரி) நீதிமன்ற ஆணைகளின்படி பலமுறை வந்து ஆய்ந்தது. 2013 மார்ச் 23 அதிகாலையில் ஊர்மக்கள் மூச்சுத் திணறலும் கண் எரிச்சலும் உணர்ந்தார்கள். ஆலையை மூட வாரியம் ஆணையிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் புகைபோக்கிக் கருவியின் பதிவைப் பற்றி நீண்ட வாதம் நடந்தது. அங்கே பேசப்பட்டது துகளல்ல, வாயு. ஆனால் மக்கள் தங்கள் மூச்சில் உணர்ந்ததும் கருவி பதிந்ததும் ஒரே மேசையில் வைத்து எடைபோடப்பட்டன. கருவியை யார் வைத்தார்கள், யார் சோதித்தார்கள் என்பதில் ஒரு நகரத்தின் நம்பிக்கை அடங்கியிருந்தது. 2018 மே 22-இலும் மறுநாளும், ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். அந்த மாதம் 28-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இத்தகைய இடத்தில் கருவியைச் சோதிப்பதைத் தொழில்நுட்பக் காரியமாக மட்டும் பார்க்க முடியாது. சோதித்த பதிவேடு பொதுமக்களின் கைக்கு எட்ட வேண்டும்.

வாயுவுக்கும் துகளுக்கும் சோதனையில் ஓர் அடிப்படை வேறுபாடு இருக்கிறது. இவ்வளவு கந்தக டை ஆக்சைடு என்று தெரிந்த வாயுவை சிலிண்டரில் அடைத்து எந்தக் கருவிக்கும் கொடுக்கலாம்; ஒரே வாயுவைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்து விடையை ஒப்பிடலாம்; மத்திய வாரியம் அப்படிச் செய்தும் வருகிறது. கனமீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் தூசி என்று தெரிந்த காற்றை அடைத்து மாடிக்குக் கொண்டுபோக வழியில்லை. துகள் படியும், ஒட்டும், கூடும், உலரும். அதனால் துகள் கருவியை அதன் பகுதிகளாகவே சோதிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டத்தை வேறொரு தரப்படுத்திய ஓட்டமானியால் பார்ப்பது, தராசைத் தரஎடைக் கல்லால் பார்ப்பது, வெற்றுத்தாள் ஓட்டுவது, கசிவு பார்ப்பது என ஒவ்வொன்றும் தனித்தனி. முழுக் கருவியையும் ஒருசேரச் சோதிக்க மிஞ்சியிருக்கும் ஒரே வழி, அதே மாதிரியான இன்னொரு கருவியைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது.

இரட்டைக் கருவிச் சோதனை எளிது. இரண்டு உயர்கனக் கருவிகளை 2 முதல் 4 மீட்டர் இடைவெளியில் வைப்பார்கள். அதைவிட நெருங்கினால் ஒன்றின் காற்றை மற்றொன்று இழுக்கும். ஒன்று 62 என்றும் மற்றொன்று 58 என்றும் காட்டினால் சராசரி 60, வேறுபாடு 4, அதாவது 6.7 சதவீதம். ஒரு நாள் வேறுபாட்டால் பயனில்லை. பல மாதங்கள் இப்படி எடுத்து, வேறுபாடுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தால் கருவியின் துல்லியம் தெரியும். வேறுபாடு எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் ஏதோ ஒரு கருவியில் குறை. அமெரிக்காவில் பி.எம்.2.5 வலையமைப்பின் நிலையங்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தில் இப்படி இரட்டைக் கருவி ஓட வேண்டும் என்றும், சிதறல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கருவிகள் ஒத்துப்போனால் இரண்டும் சரி என்று ஆகிவிடாது. ஒரே வகை மூடி உள்ள இரண்டு கருவிகளும் ஆடிக்காற்றில் ஒரே மாதிரி தவறும். உப்பு இரண்டு தாளிலும் ஒரே மாதிரி ஈரத்தை இழுக்கும். ஒத்துப்போவது சிதறலைச் சொல்லும், சாய்வைச் சொல்லாது. சாய்வை அறிய வேறு தத்துவத்தில் இயங்கும் கருவி வேண்டும். இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி திருநெல்வேலியிலேயே இருக்கிறது. கிருஷ்ணாபுரத்தில் உள்ள இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகத்தில், வளிமண்டலத்தில் மேலிருந்து கீழ் நோக்கி ஓடும் மிக மெல்லிய மின்னோட்டத்தை நீள்கம்பி, கோளம் என வேறு வேறு வடிவ உணரிகளால் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டார்கள். காற்றில் தூசி கூடினால் அதன் மின்கடத்தும் திறன் குறையும் என்பதால் அந்த ஆய்வும் தூசிக்கு அந்நியமானதல்ல. வடிவம் வேறான இரண்டு கருவிகள் ஒன்றையே சொல்லும்போதுதான் அது காற்றைப் பற்றிய செய்தி ஆகிறது.

தானியங்கி நிலையங்கள் வந்த பிறகு சிக்கலின் முகம் மாறியது. தூத்துக்குடி மீளவிட்டானிலும் திருநெல்வேலி மாநகராட்சி அலுவலகத்திலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர்கண்காணிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. இவ்வகை நிலையங்களில் பரவலாக இருப்பது பீட்டா கதிர்க் கருவி. நாடாவில் தூசி படியும். அதன் வழியே செல்லும் பீட்டா கதிர் எவ்வளவு மங்குகிறது என்பதிலிருந்து எடை வரும். தாள் மாற்ற ஆள் வேண்டாம். மணிக்கொரு எண் கிடைக்கும். ஈரத்தைப் போக்க உறிஞ்சுகுழாயைச் சூடாக்குகிறார்கள். சூடு கூடினால் எளிதில் ஆவியாகும் நைட்ரேட்டும் போய்விடும். கடற்கரைக்கு எவ்வளவு சூடு, மலையடிவாரத்துக்கு எவ்வளவு சூடு என்பதை அங்கங்கே எடைமுறைக் கருவியோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

2025 ஜனவரியில் மத்திய வாரியத்தின் தரவுகளின்படி நாட்டிலேயே மிகத் தூய காற்று உள்ள நகரம் திருநெல்வேலி என்று செய்திகள் வந்தன; காற்றுத்தரக் குறியீடு 33. ஊருக்குப் பெருமைதான். குறியீட்டுக் கணக்கின்படி 33 என்பது பி.எம்.10 கனமீட்டருக்கு 33 மைக்ரோகிராம், அல்லது பி.எம்.2.5 சுமார் 20 மைக்ரோகிராம் என்ற அளவு. இந்த அளவில்தான் கருவிக்கு உண்மையான சோதனை. நிமிடத்துக்கு 16.7 லிட்டர் இழுக்கும் பி.எம்.2.5 கருவி ஒரு நாள் முழுக்க ஓடி 24 கனமீட்டர் காற்றிலிருந்து சேர்ப்பது அப்போது அரை மில்லிகிராம்கூட இல்லை. டெல்லியில் 300 மைக்ரோகிராம் இருக்கும் நாளில் 5 மைக்ரோகிராம் பிழை கண்ணில் படாது. திருநெல்வேலியில் அதே பிழை கால்பங்கு. தூய காற்று உள்ள ஊருக்குத்தான் துல்லியமான கருவி கூடுதலாக வேண்டும். குவாரிகளும் கிரஷர்களும் மாநகரின் மையத்தில் இல்லை. அங்கு உள்ள ஒரு நிலையத்தின் எண்ணைப் படுகை முழுவதற்கும் நீட்டுவதற்குக் கருவியின் தரம் மட்டும் போதாது. கல் உடைக்கும் ஆலைகளுக்கு 40 மீட்டர் தொலைவில் 600 மைக்ரோகிராம் என்ற தனி வரம்பு இருக்கிறது. அங்கே காற்றடிக்கும் பக்கம் கருவி வைக்கிறார்களா, எதிர்ப்பக்கம் வைக்கிறார்களா என்பதே விடையை மாற்றிவிடும்.

கருவிகளுக்குத் தேசியச் சான்று தரும் ஏற்பாடு அண்மையில்தான் வந்தது. 2019 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம், காற்று மாசு அளக்கும் கருவிகளைச் சரிபார்த்துச் சான்றளிக்கும் நிறுவனமாக டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தை நியமித்தது. 2021 ஜனவரி 4 அன்று தேசியச் சுற்றுச்சூழல் தரநிலை ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தூத்துக்குடியும் சேர்க்கப்பட்டது. துகள் எவ்வளவு குறைந்தது என்பதை வைத்தே அத்திட்டத்தில் நகரங்கள் மதிப்பிடப்படுகின்றன. சில சதவீதக் குறைவை நிரூபிக்க வேண்டுமானால் கருவியின் சிதறல் அதைவிடச் சிறியது என்று முதலில் காட்டியாக வேண்டும். டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் தேறிய கருவி ஆடி மாத மேல்காற்றுக்கும் உப்புக்காற்றுக்கும் தேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. இப்படுகையில் இரட்டைக் கருவி ஓட்டும் மாதங்களில் ஆனியும் ஆடியும் ஐப்பசி மழையும் இடம்பெற வேண்டும். இடங்களில் தூத்துக்குடிக் கரை ஒன்றும், தாழையூத்துப் பக்கம் ஒன்றும், மலையடிவாரத்தில் ஒன்றும் தேவை.